சேவையில் பாதிப்பில்லை

ஜூன் 14, வெள்ளி

டாக்டர் கவின்மொழி இன்று மதியம் விடைபெற்றுப் போய்விட்டார். மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, மூன்று வருடம். மருந்து கம்பெனிக்காரர் அவருக்குக் கொடுத்த இந்த டைரி மேஜை இழுப்பறையில் கிடந்தது. ஜனவரியில் இரண்டு பக்கம் எழுதி நிறுத்தியிருக்கிறார். அவற்றைக் கிழித்துவிட்டு நான் தொடங்குகிறேன். ஐம்பத்துநான்கு வயதில் டைரி எழுத உட்காருகிற ஆளை நானே கேலி செய்திருப்பேன்.

கூத்தன் ஏந்தல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு டாக்டர் பணியிடம். ஒன்று மூன்று வருடமாகக் காலி. மற்றது இன்றிலிருந்து காலி. மிச்சம் இருப்பது மூன்று பேர்: மருந்தாளுநர் தனுஷ்கோடி, அதாவது நான், நர்ஸ் ஜெபராணி, துப்புரவுப் பணியாளர் பஞ்சவர்ணம்.

பஞ்சவர்ணம் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்களும் போயிட்டா எங்களுக்கு யாரும்மா இருக்கா?"

"சீக்கிரம் வேற டாக்டர் போடுவாங்கக்கா," என்றார் டாக்டர். என்னிடம், "சார், சமாளிச்சுக்குங்க." இதற்கு முன் போன இரண்டு டாக்டர்களும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜூன் 19, புதன்

பொறுப்பு டாக்டர் வந்தார். பெயர் அபுதாகிர். இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நிலையம்தான் அவருடைய சொந்த இடம். அங்கேயே தினமும் நூற்றைம்பது பேர். இங்கே புதன், சனி மட்டும் வருவார். வரும்போதே களைத்துப்போய் வருகிற முகம்.

கிளம்பும் முன் ஓ.பி. சீட்டுக் கட்டு ஒன்றைக் கேட்டார். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். மேலே எல்லாம் வெற்றிடம். டாக்டர் கையெழுத்து இல்லாமல் நான் ஒரு பாராசிட்டமால்கூடக் கொடுக்க முடியாது, சட்டம் அப்படி. டாக்டர் இல்லாத ஊரில் இந்தச் சட்டத்தோடு குடித்தனம் நடத்த இது ஒன்றுதான் வழி. எல்லா ஊரிலும் நடக்கிறது, எந்த ஊரும் வெளியே சொல்வதில்லை.

"காய்ச்சல், சளி, அப்புறம் பழைய சுகர், பிரஷர்காரங்க. இதுக்கு மட்டும் சார்," என்றார். "புதுசா எது வந்தாலும் டவுன் ஜி.ஹெச்.சுக்கு அனுப்பிடுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன் சார்," என்றேன்.

ஜூன் 20, வியாழன்

86 பேர். சிரமம் ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வியாழன்

இன்று மூன்று பேர் என்னை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். திருத்த நேரமில்லை. கீழக்குடியிருப்பிலிருந்து வந்த கிழவி ஒருத்தி, "போன டாக்டரம்மாவ விட உங்க கைதான்யா ராசி," என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். ஜெபராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். முப்பது வருடம் மருந்து கட்டிக் கொடுத்தவனுக்கு எந்த இருமலுக்கு எது கேட்கும் என்று தெரியாதா?

டாக்டர் இல்லாத நாளில் எல்லாரையும் டவுனுக்கு அனுப்பிவிடலாமே என்றார் ஜெபராணி. அனுப்பலாம். பக்கத்துப் பனையடி நிலையத்தில் அப்படித்தான் அனுப்பினார்கள். டாக்டர் போனதும் நோயாளி எண்ணிக்கை இருபதுக்கு விழுந்தது. "போதிய நோயாளிகள் இல்லை" என்று பணியிடத்தையே தூக்கிவிட்டார்கள். இப்போது பனையடிக் கட்டடத்தில் ஆடு படுக்கிறது. இங்கே எண்ணிக்கை விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். எண்ணிக்கை நின்றால்தான் பணியிடம் நிற்கும், பணியிடம் நின்றால்தான் என்றைக்காவது ஒரு டாக்டர் வருவார்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று சென்னையில் கலந்தாய்வு. புது டாக்டர்கள் தங்களுக்கு வேண்டிய ஊரைத் தேர்ந்தெடுக்கும் நாள். பட்டியலில் நம் ஊர் இருக்கிறது, அதுவும் இரண்டு தடவை.

பஞ்சவர்ணம் காலையிலேயே டாக்டர் அறையைக் கழுவிவிட்டாள். நாற்காலி முதுகில் புதுத் துண்டு ஒன்றைப் போட்டிருந்தாள்.

"யாரு தாயி துண்டு குடுத்தா?" என்று கேட்டேன்.

"என் மக கல்யாணத்துக்கு வந்தது சார். வீட்டுல யாரு போடப் போறா? வாரவுக வந்து உக்காரட்டும்."

மாலை மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கண்காணிப்பாளர் பேசினார். "உங்க ஊரு பேரு திரையில வந்துச்சு, போச்சு. ஒருத்தரும் எடுக்கல. கடைசி ரேங்க் பொண்ணுகூட வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு. அடுத்த வாட்டி பாப்போம்."

பஞ்சவர்ணம் கேட்டபோது "அடுத்த மாசம்" என்று சொல்லி வைத்தேன். துண்டை எடுக்க வேண்டாம் என்றாள். தூசி படியாமல் தினமும் உதறிப் போடுகிறாளாம்.

ஜூலை 24, புதன்

மேலிடத்திலிருந்து ஒரு படிவம். "பணியிட சீரமைப்பு ஆய்வு." எந்த ஊருக்கு எத்தனை டாக்டர் தேவை என்று புதிதாகக் கணக்கெடுக்கிறார்களாம். பதினாறு கேள்வி. பதினைந்துக்கு அரைமணி நேரத்தில் எழுதிவிட்டேன். ஏழாவது கேள்விதான் இடித்தது: "மருத்துவர் இல்லாத நாட்களில் புறநோயாளிகள் சேவை பாதிக்கப்பட்டதா? ஆம் / இல்லை."

டாக்டர் அபுதாகிரிடம் கொண்டுபோய் வைத்தேன். பேனாவை எடுத்தவர் எழுதாமலே கீழே வைத்தார்.

"ஆம்னு போட்டா என்ன சார் கேப்பாங்க? அன்னைக்குத் தொண்ணூறு பேருக்கு மருந்து போயிருக்கே, பாத்தது யாருன்னு கேப்பாங்க. எல்லாச் சீட்டுலயும் என் கையெழுத்து. அதே நேரத்துல அங்க எழுதின சீட்டுலயும் என் கையெழுத்து. எனக்கு ரெண்டு உடம்பா இருக்கு?"

"உண்மையை எழுதிட்டா டாக்டர் போட மாட்டாங்களா சார்?"

"முதல்ல நம்ம ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணுவாங்க. அப்புறம் இங்க புதன், சனியும் இருக்காது. நீங்களே சொல்லுங்க."

படிவத்தை என் பக்கம் தள்ளினார். "இல்லை" என்பதில் வட்டம் போட்டது நான்தான். உண்மையைச் சொன்னால், போடும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒரு டாக்டர்கூட இல்லாமல் ஒருவரையும் திருப்பி அனுப்பாமல் நாற்பது நாள் ஓட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

94 பேர். பஞ்சவர்ணம் இடக்கைக்காரி. இன்று வாளியை வலக்கையில் தூக்கிக்கொண்டு போனாள், மருந்தகம் முழுக்கத் தண்ணீரைச் சிந்திவிட்டாள். இரண்டு அட்டைப்பெட்டி மாத்திரை நனைந்தது. சத்தம் போட்டேன். "கை கடுக்குது சார்," என்றாள். தினமும் துடைப்பம் பிடிக்கிற கை கடுக்காமல் என்ன செய்யும்?

ஆகஸ்ட் 9, வெள்ளி

121 பேர். ஊர் முழுக்கக் காய்ச்சல். ஜெபராணி தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டார், நான் தனியாள். வரிசை கேட் வரை நின்றது.

பதினொரு மணிக்கு பஞ்சவர்ணம் வந்து ஓரமாக நின்றாள். நெஞ்செரிச்சல், ஏப்பமாக வருகிறது என்றாள். வாயுதான். காலையில் பழைய சோறும் ஊறுகாயும் என்றாள். ஒரு சீட்டை எடுத்து அவள் பெயரை எழுதி கேஸ் மாத்திரை ஒரு அட்டை கொடுத்தேன். அரைநாள் லீவு கேட்டாள். சரி என்றேன்.

ஆறு மணிக்குத்தான் சாப்பிட்டேன். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் ஜெபராணி போனில் சொன்னார். பஞ்சவர்ணம் செத்துப்போனாளாம். தூக்கத்திலேயே போய்விட்டாள். நாற்பத்தெட்டு வயது.

எல்லாரும் போனோம். அவள் புருஷன் மூக்கையா, கரிமூட்டம் போடுகிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க குடுத்த மாத்திரையைத் தின்னுட்டு நல்லாத் தூங்குனாய்யா. அந்தமட்டுக்கும் நோகாமப் போயிட்டா," என்றார். கூட்டத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

மாலை கொஞ்சம் வாந்தி எடுத்தேன். வெயில்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

பஞ்சவர்ணத்தின் சாமான்கள் பின்னறையில் கிடந்தன. யாராவது ஒழுங்குபடுத்த வேண்டும் அல்லவா? நானே செய்தேன். ஒரு மஞ்சள் பை, மாற்றுச் சேலை, தூக்குவாளி, சாமி படம். பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். பழைய பஸ் டிக்கெட் தவிரக் காகிதம் எதுவும் இல்லை.

ஜெபராணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எதைத் தேடுறீங்க அண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா. ஒதுங்க வைக்கிறேன்."

"அன்னைக்கு வெள்ளிக்கிழமை அக்கா உங்ககிட்ட வந்தாங்களா? இ.சி.ஜி. மெஷினு இருக்குல்ல. நான் இருந்திருந்தா எடுத்திருப்பேன்."

"வாயுன்னுதாம்மா சொன்னா," என்றேன்.

டாக்டர் அபுதாகிரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். இடது கையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள் என்பதையும், வேர்த்திருந்தாள் என்பதையும், வெயிலில் நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டதையும். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சீட்டு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். மற்ற நாள் போலவே சீட்டுக் கட்டை எடுத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மீதியையும் போட்டார். அவர் போடாவிட்டால் நாளைக்கு நூறு பேருக்குக் காய்ச்சல் மாத்திரை கிடையாது.

நாற்காலித் துண்டை இப்போது யாரும் உதறுவதில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆய்வு முடிந்து உத்தரவு வந்துவிட்டது. ஒரு பக்கம்தான். நான்கு தடவை படித்ததால் மனப்பாடம் ஆகிவிட்டது: "கூத்தன் ஏந்தல் நிலையத்தில் தற்போதைய பொறுப்பு ஏற்பாட்டின் மூலம் நாளொன்றுக்குச் சராசரி 91 புறநோயாளிகளுக்குச் சேவையில் பாதிப்பின்றிச் சிகிச்சை அளிக்கப்படுவதால், இங்குள்ள இரண்டு மருத்துவர் பணியிடங்களும் தேவை மிகுந்த நகர்ப்புற நிலையங்களுக்கு மாற்றப்படுகின்றன." அதன் கீழே, நிலையத்தின் சிறப்பான செயல்பாட்டுக்குப் பாராட்டு.

பனையடியில் ஆள் குறைந்ததால் எடுத்தார்கள். இங்கே ஆள் குறையாததால் எடுத்துவிட்டார்கள். இந்த இரண்டு மாதமும் நான் காப்பாற்றி வைத்த எண்ணிக்கைதான் இதைச் செய்திருக்கிறது. ஏழாவது கேள்வியில் வட்டம் போட்ட பேனா இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

லீவு போட்டுவிட்டு மாவட்ட அலுவலகம் போனேன். கையில் நானே எழுதிய கடிதம், மூன்று பக்கம். முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட சீட்டுகள், பொய்யான ஏழாவது பதில், பஞ்சவர்ணம், எல்லாம் அதில் இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன்.

கண்காணிப்பாளர் நின்றபடியே படித்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நல்ல மனுஷன். ஓய்வுக்கு ஒன்பது மாதம் இருக்கிறது.

"இதை நான் வாங்கினா என்ன ஆகும் தெரியுமாண்ணே? இந்த மாவட்டத்துல பதினேழு சென்டரு இப்படித்தான் ஓடுது. பதினேழுலயும் சீட்டு எழுதுறத நிறுத்திருவாங்க. நாளைக்குக் காலையில பதினேழு ஊர்ல ஒருத்தனுக்கும் சுகர் மாத்திரை கிடைக்காது. அந்தப் பாய் டாக்டரு வீட்டுக்குப் போயிருவாரு. ரெண்டு ஊருக்கு இருந்த ஒரு ஆளும் போச்சு."

"அப்ப எங்க ஊருக்கு டாக்டர் காலின்னாவது எழுதுங்க."

"எப்படி எழுதுறது? உங்க ஊருக்கு இப்ப போஸ்ட்டே கிடையாது. போஸ்ட் இருந்தாத்தான காலி."

கடிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினார். வழியெல்லாம் அழுகை வந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் ஜன்னல் பக்கம் மாற்றி உட்கார வைத்தார்.

ஆகஸ்ட் 28, புதன்

டாக்டர் இனி புதன் மட்டும்தான். சனிக்கிழமை அவருக்கு மூன்றாவதாக இன்னொரு ஊர் கொடுத்துவிட்டார்கள். இன்று 210 சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலை பத்து மணிக்கு வரிசையில் மூக்கையா நின்றார். கூப்பிட்டும் முன்னால் வரவில்லை, தன் முறை வரும்வரை நின்றார். மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஆகஸ்ட் 9 என்று என் கையெழுத்தில் தேதி. பஞ்சவர்ணம், 48. கேஸ் மாத்திரை, பத்து. அடியில் டாக்டர் அபுதாகிரின் கையெழுத்து. நான் ஒரு மாதமாகத் தேடிய சீட்டு.

"இதுல எழுதியிருக்கிறதையே குடுங்கய்யா. அவ மிச்சம் வச்சதுல நானும் தின்னு ரெண்டுதான் கிடக்கு."

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"நாலு நாளா நெஞ்சுக்குள்ள கரிச்சிக்கிட்டே இருக்கு. தோளு வரைக்கும் இழுக்குது. அவளுக்கு வந்த மாதிரிதான். வாயு."

மருந்தகத்தை அப்படியே போட்டுவிட்டு அவரை ஜெபராணியிடம் கூட்டிப் போனேன். இ.சி.ஜி. எடுத்தார். படத்தை டாக்டருக்கு அனுப்பினோம். 108-க்குப் போன் போட்டேன். வண்டி ஒரு பிரசவத்துக்காக டவுனுக்குப் போயிருக்கிறது, திரும்ப மதியம் மூன்று மணி தாண்டும் என்றார்கள். டாக்டரிடமிருந்தும் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை, அவர் முன்னாலும் நூற்றைம்பது பேர் நிற்பார்கள்.

மூக்கையாவை டாக்டர் அறையில் உட்காரச் சொன்னேன். துண்டு போட்ட நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நான் டாக்டர் இல்ல. அன்னைக்கு அவளைப் பாத்தது எந்த டாக்டரும் இல்ல. நான்தான். அது வாயு இல்லண்ணே. நெஞ்சு வலி. நான் பாக்காம விட்டுட்டேன்."

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் கரி.

"நீங்க டாக்டரு இல்லைன்னு ஊருக்கே தெரியும்யா. அவளுக்கும் தெரியும். தெனம் கூட்டுனவளுக்குத் தெரியாதா?" என்றார். "வேற யாருகிட்டப் போறது? இருக்கிற ஆளுகிட்டத்தான வர முடியும்."

ஏசியிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், எழுந்து நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மாத்திரையை மறுபடி கேட்டார்.

தர மாட்டேன் என்றேன். டவுன் ஜி.ஹெச்.சுக்குக் கடிதம் எழுதி இ.சி.ஜி. காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். ஆஸ்பிரின் ஒன்றை என் கண் முன்னால் விழுங்க வைத்தேன். வண்டி வரும்வரை படுங்கள் என்றால் கேட்கவில்லை. ஒன்றே காலுக்கு டவுன் பஸ் இருக்கிறது, அதிலேயே போய்க்கொள்கிறேன் என்றார். கூட ஆள் அனுப்ப யாரும் இல்லை. ஜெபராணியிடம் பிரசவ வலியோடு ஒருத்தி வந்திருந்தாள், என்னிடம் ஐம்பது பேர். "அங்கிட்டுப் போனா எனக்கு யாரைத் தெரியும்யா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

மருந்தக ஜன்னலிலிருந்து பஸ் நிறுத்தம் தெரியும். டவுன் போக வேண்டுமென்றால் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் இந்தப் பக்கம்தான் நின்றார். நான் இரண்டு பேருக்கு மருந்து கட்டிவிட்டுத் தலையைத் தூக்கியபோது, ரோட்டைக் கடந்து, தன் ஊரான கீழக்குடியிருப்பு போகும் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கத்தினேன். பஸ் வந்து மறைத்துக்கொண்டது.

3.40-க்கு டாக்டரின் பதில் வந்தது. "ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கு சார். உடனே ஜி.ஹெச். அனுப்புங்க." ஒரு நிமிடத்தில் இன்னொன்று: "அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு சார்," என்று போட்டேன். முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது.

போட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஜெபராணியிடம் மருந்தகச் சாவியைக் கொடுத்துவிட்டு என் வண்டியை எடுத்தேன். ஆறு கிலோமீட்டர். மூக்கையா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. முன்வாசலில் அவருடைய செருப்பு. பக்கத்து வீட்டுப் பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு வந்தாள்.

"சத்தம் போடாதீக டாக்டரு. அத்தை வச்சிருந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு மாமா இப்பத்தான் நல்லாத் தூங்குறாக."

கதவைத் தட்டினேன்.